மயில்கழுத்து நிறத்தில் ஓர் அறை: உரிந்தால், பிசுபிசுத்தால், வெளுத்தால் என்ன செய்வது

செங்கோட்டையில் ஜூன் பிறந்துவிட்டால் புளியரைப் பக்கமிருந்து சாரல் இறங்கிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் இருக்கும் என் மைனி அதை இடவப்பாதி என்பாள். எந்தப் பெயரில் வந்தாலும் பெயிண்ட் காய்வதற்கு அது எதிரி.

மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த விடுமுறையில் அவளுடைய படுக்கையறையை அவளுக்குப் பிடித்த மயில்கழுத்து நிறத்தில் அலங்கரிக்க ஆரம்பித்தோம். புதிதாக எதுவும் வாங்குவதில்லை, வீட்டில் கிடப்பதை எடுத்து நாமே வண்ணம் தீட்டுவது என்று முடிவு. ஆச்சியின் டிரங்குப் பெட்டி, பலாப்பலகையில் செய்த சின்ன அலமாரி, ஊறுகாய் பாட்டில்கள், சிரட்டைகள், ஓலைக் கொட்டான்கள், பழைய கண்ணாடிச் சட்டம் ஒன்று. மே மாதம் அடித்தவை எல்லாம் அழகாக வந்தன. ஜூனில் அடித்தவற்றில் பாதி கெட்டுப்போயின. ஒவ்வொன்றையும் சுரண்டி, காரணம் கண்டுபிடித்து, திரும்ப அடித்தோம். அந்த அனுபவத்தைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பொருளில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

எதையும் சரிசெய்யும் முன்

கெட்டுப்போன இடத்தின் மேல் இன்னொரு கோட் அடிக்காதீர்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிழை பெரும்பாலும் மேலே இருப்பதில்லை, அடியில் இருக்கிறது. எண்ணெய், ஈரம், துரு, பளபளப்பான பழைய பூச்சு, இவற்றில் ஏதோ ஒன்று. மேலே அடித்தால் அதை மூடி வைக்கிறோம், அவ்வளவுதான்.

மூன்று சோதனைகள் போதும். கண்ணில் படாத ஒரு மூலையில் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் காயவில்லை. அடுத்து ஒரு துண்டு செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் கூடவே வந்தால் பிடிமானம் இல்லை. மூன்றாவது, பழைய பூச்சு என்னவென்று தெரியாத பொருளுக்கு. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். இளகித் துணியில் நிறம் ஏறினால் அது தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வகை. அசையாமல் நின்றால் எண்ணெய் வகை எனாமலாக இருக்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அக்ரிலிக்கில் தண்ணீர் ஆவியாகி, மிச்சமிருக்கும் நுண்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகின்றன. எனாமல் காற்றில் உள்ள ஆக்சிஜனை உள்ளே இழுத்து மெல்ல இறுகுகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது தண்ணீர் ஆவியாகாது, அதனால் சாரலில் முதலில் மாட்டிக்கொள்வது அக்ரிலிக்தான்.

பாட்டிலில் அடித்தது தோல் மாதிரி உரிந்து வருகிறது

கண்ணாடி எதையும் உறிஞ்சாது. பெயிண்ட் அதன் மேல் உட்கார மட்டும்தான் முடியும். அங்கே விரல் ரேகையளவு எண்ணெய் இருந்தாலும் போச்சு. ஊறுகாய் பாட்டிலில் எண்ணெய் இல்லாமல் இருக்குமா?

உரிகிற பூச்சை முழுவதும் எடுத்துவிடுங்கள். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் அதுவே கழன்று வரும். லேபிள் பசை போக சமையல் சோடாவையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துத் தடவி, சற்று நேரம் கழித்துத் தேய்க்கலாம். அந்த எண்ணெய் போக மறுபடி பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவ வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். அதற்கப்புறம் பாட்டிலை வாய்ப்பக்கம் உள்ளே விரல்விட்டுத்தான் தூக்க வேண்டும், வெளிப்புறத்தைத் தொடக் கூடாது.

முதல் கோட்டை பிரஷ்ஷால் இழுக்காமல், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தட்டித் தட்டி வையுங்கள். அங்கங்கே கண்ணாடி தெரியும், பரவாயில்லை. பிடிமானத்துக்காகத்தான் அந்தக் கோட். அது காய்ந்தபின் அடுத்த இரண்டு கோட்டும் மெல்லியதாக அடியுங்கள். தொட்டால் ஒட்டாத நிலைக்கு அரை மணியில் வந்துவிடும். ஆனால் கண்ணாடி மேல் அக்ரிலிக் முழுதாக இறுக மூன்று வாரம் வேண்டும். அதுவரை கழுவவோ பூவுக்குத் தண்ணீர் ஊற்றி வழியவிடவோ கூடாது.

நாட்கள் பல ஆகியும் பிசுபிசுக்கிறது

எங்கள் வீட்டில் அதிகம் படுத்தியது இதுதான். அலமாரித் தட்டில் வைத்த புத்தகத்தின் அட்டை அப்படியே ஒட்டிக்கொண்டது.

அது அக்ரிலிக் என்றால் பெரும்பாலும் கெட்டுப்போகவில்லை, இறுகவில்லை என்றுதான் அர்த்தம். மேலே வைத்த பொருட்களையெல்லாம் எடுத்துவிட்டு, அறைக்குள் ஃபேன் போட்டு, மூன்று நான்கு வாரம் விடுங்கள். வெளியே சாரலடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம்தான் உள்ளே வரும். வெயில் வந்த இரண்டு மணி நேரம் திறந்தால் போதும். பளபளப்பு வகை அக்ரிலிக் இறுகிய பிறகும் கொஞ்சம் ஒட்டும் சுபாவம் உள்ளது. அதன் மேல் முகப்பவுடரைத் தூவி மென்மையான துணியால் தேய்த்துவிட்டால் ஒட்டுவது நிற்கும். டிராயர் உரசும் விளிம்புகளில் வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்க்கலாம். அடுத்த முறை வாங்கும்போது பொருள் வைக்கும் தட்டுகளுக்கு மட்டும் மங்கலான வகையைக் கேளுங்கள்.

எனாமல் என்றால் வேறு காரணங்கள். டர்பன்டைன் இல்லையென்று மண்ணெண்ணெய் ஊற்றிக் கலந்திருப்பீர்கள். அது முழுதாக ஆவியாகாமல் பூச்சுக்குள்ளேயே தங்கி, காய்வதை இழுத்துக்கொண்டே போகும். அல்லது ஒரே கோட்டில் தடிமனாக அடித்திருப்பீர்கள். இல்லையென்றால் பொருளிலேயே எண்ணெய் இருந்திருக்கும். சிரட்டையில் இதுதான் நடக்கும். தேங்காய் துருவியபின் வெறும் தண்ணீரில் கழுவிக் காயவைத்த சிரட்டையின் உட்புறத்தில் எண்ணெய் இன்னும் இருக்கும். சோப்பு நீரில் ஓர் இரவு ஊறவைத்து, தேய்த்து, நான்கு நாள் வெயில் காட்டி, வெளிப்புற நாரை 80 நம்பர் உப்புத்தாளாலும் பிறகு 120, 220 என்றும் தேய்த்தபின்தான் பெயிண்ட்.

ஒரு வாரம் நல்ல காற்றில் வைத்தும் எனாமல் காயவில்லையென்றால் இனிமேலும் காயாது. டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். மனது கேட்காதுதான். ஆனால் எதிர்பார்த்துக்கொண்டே ஒரு மாதம் கடத்துவதைவிட அரை நாள் வேலை மேல்.

மேற்பரப்பு சுருங்கிக் கிழவியின் கை போலாகிவிட்டது

எனாமலைத் தடிமனாக அடித்தால் மேலே முதலில் தோல் கட்டும். அடியில் இருப்பது அப்புறம் காயும்போது மேல்தோலை இழுத்துச் சுருக்கும். முதல் கோட் காயுமுன் இரண்டாவதை அடித்தாலும் இதேதான். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஓர் இரவு விடுங்கள், சாரல் காலத்தில் இரண்டு இரவு. இன்னொரு காரணம், லேக்கரில் கலக்கும் வீரியமான கரைப்பானான என்.சி. தின்னரை எனாமலில் கலப்பது, அல்லது எனாமலுக்கு மேல் ஸ்ப்ரே டப்பாவை அடிப்பது. அந்தக் கரைப்பான் அடிப்பூச்சைக் கிளப்பிவிடும். எங்கள் பெயிண்ட் கடை அண்ணாச்சி தின்னர் கேட்பவர்களிடம், "எதில ஊத்தப் போறீங்கன்னு சொல்லுங்க முதல்ல" என்பார். அந்தக் கேள்விக்கு நாம் பதிலோடு போக வேண்டும்.

சுருங்கியதை முழுவதும் இறுகவிட்டு, உப்புத்தாளால் மட்டமாக்கி, மெல்லிய கோட் அடித்தால் சரியாகிவிடும்.

பழைய பெட்டியில் கொப்புளம், தகரத்தில் ஏடு ஏடாக உரிகிறது

ஆச்சிக்குக் கல்யாணம் ஆனபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதிதான் இந்தப் பக்கம் வந்தது. அந்தக் கல்யாணத்துக்கு வந்த டிரங்குப் பெட்டிதான் இப்போது மகளின் கட்டில் காலடியில் இருக்கிறது. அதில் நான் இரண்டு முறை தோற்றேன்.

முதல் முறை துருவைச் சரியாக எடுக்கவில்லை. மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு எனாமல் அடித்தேன். ஒரு சாரல் பருவம் முடிவதற்குள் அடியில் துரு வளர்ந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. கொப்புளத்தை உடைத்துப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புத் தூள் இருந்தால் துரு. வெறும் உலோகம் பளிச்சென்று தெரிந்தால் வேறு காரணம், அதற்குப் பிறகு வருகிறேன். துருவென்றால் கம்பித் தூரிகையால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, துடைத்து, அன்றைக்கே துருவைத் தடுக்கும் முதல் பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். தேய்த்துவிட்டு நாளைக்கு அடிக்கலாம் என்று விட்டால் இந்த ஊர்க் காற்றுக்கு ஓர் இரவில் மறுபடி துரு படிந்துவிடும்.

தேய்ப்பதில் ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல்தான் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெட்டி, தொட்டில், ஜன்னல் எதையும் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் கடையில் கிடைக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து தேய்த்து, வரும் சேற்றைப் பழைய துணியில் வழித்துக் கட்டிப் போடுங்கள். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

இரண்டாவது தோல்வி மூடியில். மூடியை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், அது ஜி.ஐ. தகரம். உற்றுப் பார்த்தால் பூப்பூவாகத் தெரியும், அது துத்தநாகப் பூச்சு. எனாமலில் இருக்கும் எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து மெல்ல ஒருவித சோப்பாக மாறிவிடும். சோப்பின் மேல் எது நிற்கும்? ஆரம்பத்தில் அருமையாக ஒட்டியது மாதிரி இருந்துவிட்டு, சில மாதத்தில் ஏடாக வரும், அடியில் உலோகம் துருவே இல்லாமல் பளிச்சென்றிருக்கும். வாளி, தகர டப்பா, பழைய பீப்பாய் எல்லாவற்றிலும் இதைக் கவனியுங்கள். உரிந்ததைச் சுரண்டிவிட்டு வினிகரால் துடைத்து, கழுவிக் காயவைத்து, கடையில் ஜி.ஐ.க்கான பிரைமர் என்று தனியாகக் கேட்டு வாங்கி அடியுங்கள். ரெட் ஆக்சைடும் எண்ணெய் வகைதான், ஆகவே இதற்கு உதவாது.

மரத்தில் மஞ்சள் கறை மேலே கசிந்து வருகிறது

பலாப்பலகை அலமாரிக்கு முதலில் வெள்ளை அடித்து அதன் மேல் மயில்கழுத்துப் பூக்கள் வரைந்தோம். மூன்றாம் நாள் வெள்ளையில் மஞ்சள் படர ஆரம்பித்தது. இன்னொரு கோட் அடித்தோம், அதிலும் வந்தது. பலாவின் வைரத்தில், அதாவது நடுமரத்தில், இயற்கையாகவே மஞ்சள் சாயம் இருக்கிறது. பௌத்தத் துறவிகளின் ஆடைக்கு அதைக் காய்ச்சித்தான் நிறம் ஏற்றினார்கள். தண்ணீர் வகைப் பெயிண்ட் அந்தச் சாயத்தைக் கரைத்து மேலே கொண்டுவந்துவிடுகிறது. அதே இனத்தைச் சேர்ந்த ஆஞ்சிலியிலும், தேக்கிலும், பலகையின் முடிச்சுகளிலும் இந்தத் தொல்லை வரும்.

எத்தனை கோட் வெள்ளையும் இதை நிறுத்தாது. ஆசாரிகள் பாலிஷ் போடப் பயன்படுத்தும் செல்லாக் நிறுத்தும். அரக்குதான் அது, ஸ்பிரிட்டில் கரைத்தது. தண்ணீர் அதைத் தொடாது, ஆகவே சாயம் அடியிலேயே நின்றுவிடும். கறைபட்ட பூச்சை லேசாகத் தேய்த்து, இரண்டு கை செல்லாக் போட்டு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் காயவிட்டு, பிறகு வெள்ளை அடித்தோம். இன்றுவரை கறை வரவில்லை.

பழைய எனாமல் பளபளப்பின் மேல் அக்ரிலிக் அடித்து, அது சீப்பு பட்டாலே கீறிக்கொண்டு வருகிறதென்றால் அது கறைப் பிரச்சினை இல்லை. பளபளப்பை உப்புத்தாளால் கொன்றிருக்க வேண்டும். 180 நம்பர் போதும்.

வார்னிஷ் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது

ஸ்ப்ரே டப்பாவில் வரும் லேக்கர் என்றால் இது சாரலின் கைவரிசை. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும், காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனியாகப் படிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டாம், அடியில் உள்ள ஓவியம் கெடவில்லை. வெயில் நன்றாக இருக்கும் ஒரு நாள் பதினொரு மணிக்கு மேல் அதே லேக்கரை மிக லேசாக ஒரு வீச்சு அடியுங்கள். பழைய படலம் இளகி, ஈரம் வெளியேறி, தெளிந்துவிடும்.

தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து வார்னிஷுக்குப் பதில் பூசியிருந்தால் கதை வேறு. படம் ஒட்டி அலங்கரிக்கும் பாட்டில்களில் பலரும் இப்படிச் செய்கிறார்கள். அந்தப் பசை காய்ந்தபிறகும் ஈரம் பட்டால் மறுபடி வெளுத்து இளகும். ஃபேனுக்கு அடியில் வைத்து முழுவதும் தெளிந்தபின், மேலே நிஜமான வார்னிஷ் ஒரு கோட் அடித்து மூடிவிடுங்கள்.

நிறம் திட்டுத்திட்டாக இருக்கிறது, அல்லது நினைத்த நிறம் வரவே இல்லை

மயில்கழுத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லோரும் இங்கே வந்து நிற்பார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

மயிலின் கழுத்தில் நீலச் சாயம் கிடையாது. இறகிழைகளில் இருப்பது கரும்பழுப்பு நிறமி மட்டும்தான். அது மிக நுண்ணிய அடுக்குகளாக ஒழுங்காக அமைந்திருப்பதால் ஒளி பட்டுத் திரும்பும்போது நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. பட்டுச் சேலையில் நெசவாளர்கள் இதைப் பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்று இரண்டைக் கலந்து பிடிக்கிறார்கள். ஆக ஒரே டப்பாவிலிருந்து அந்த நிறத்தை எதிர்பார்த்தால் தட்டையான ஒரு நீலப்பச்சைதான் கிடைக்கும்.

நாங்கள் கடைசியில் கண்டது இது. அடியில் கரு நீலம், சீராக, ஒரு புள்ளி கூட விடாமல். அது காய்ந்தபின் பச்சை கலந்த நீலத்தை நன்றாக நீர்த்து, உலர்ந்த ஸ்பாஞ்சால் மெல்லிசாக ஒற்றி எடுப்பது. விரும்பினால் மைக்கா பொடி ஒரு சிட்டிகை. கண்ணாடிச் சட்டத்தை இப்படிச் செய்து சுவரில் மாட்டியபோது மகள் அப்படியும் இப்படியும் நடந்து நடந்து பார்த்தாள், நிறம் மாறுகிறதா என்று. மாறியது.

திட்டுத்திட்டாகத் தெரிவதற்குக் காரணம் இந்த நீலத்தின் குணம். கடையில் நீங்கள் வாங்கும் இந்த வகை நீலம், பச்சை இரண்டுக்கும் பெரும்பாலும் தாலோசயனைன் நிறமிதான் அடிப்படை. 1928-ல் ஸ்காட்லாந்தில் ஒரு சாய ஆலையில் தற்செயலாகக் கண்டது, 1935-ல் விற்பனைக்கு வந்தது. துளி போட்டாலே ஒரு கிண்ணம் வெள்ளையை நீலமாக்கிவிடும் வீரியம் உண்டு, ஆனால் ஒளியை மறைக்காது. அடியில் பாதி மரம், பாதி பள்ளம் அடைக்கப் பூசும் பட்டி என்றிருந்தால் அப்படியே காட்டிக்கொடுக்கும். ஆகவே பட்டி பார்த்த இடம், பழைய பூச்சு, வெறும் மரம் எல்லாவற்றையும் ஒரே நிற பிரைமரால் மூடிய பிறகு நீலத்துக்குப் போங்கள்.

ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் என்றால், அது அக்ரிலிக்கின் இயல்பு. ஈரமாக இருக்கும்போது அதில் உள்ள பசை பால் போல இருக்கும், காய்ந்ததும் தெளிவாகி நிறம் அடர்த்தியாகும். ஓர் அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கலவையை முடிவு செய்ய வேண்டும். அந்த அட்டையைப் பகலிலும் பாருங்கள், இரவு விளக்கிலும் பாருங்கள். 2700 அல்லது 3000 கெல்வின் என்று பல்பு பெட்டியில் போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்ச பல்புக்கு நீலம் அடங்கிப் பச்சை தூக்கும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் நீலம் தூக்கும். எங்கள் அறையின் ஜன்னல் மேற்கே பார்த்தது. சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் இறங்கிவிடுவதால் மாலை முழுக்க விளக்குதான், அதனால் விளக்கு வெளிச்சத்தை வைத்தே பச்சையைக் குறைத்தோம். விளக்கு மூடியாகச் சிரட்டையைப் பயன்படுத்துகிறவர்கள் எல்.இ.டி. பல்பு மட்டும் போடுங்கள், குண்டு பல்பின் சூடு ஆகாது.

பூச்சி, தூசி, பிரஷ் கோடு

மழை விட்ட மாலையில் எனாமல் அடித்தால் ஈசல் வந்து ஒட்டும். ஈரத்தில் பிடுங்கினால் பள்ளம் விழும். காயவிட்டு, நகத்தால் தட்டிவிட்டு, 400 நம்பர் உப்புத்தாள் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஜூலையில் ஆரியங்காவு கணவாய்க் காற்று அடிக்கிற நாளில் மொட்டைமாடியில் அக்ரிலிக் அடிக்க வேண்டாம். வெயிலும் காற்றும் சேர்ந்து பிரஷ் திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடும், கோடு கோடாக நிற்கும், மண்ணும் படியும். உள்ளே அடித்துவிட்டு வெளியே எடுத்துப் போங்கள்.

ஓலைக் கொட்டானில் கரும்புள்ளி, வெடிப்பு

கரும்புள்ளி பூஞ்சை. ஓலைக்குள் ஈரம் இருக்கும்போதே இரண்டு பக்கமும் பெயிண்டால் அடைத்துவிட்டால் அது போக வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். வினிகர் தொட்ட துணியால் துடைத்து வெயிலில் வைத்து, உட்புறத்தை இனிமேல் பூசாமல் விடுங்கள். வெடிப்பு வந்தால் எனாமல் அடித்திருக்கிறீர்கள். ஓலை வளையும், எனாமல் வளையாது. கொட்டானுக்கு அக்ரிலிக்தான், அதுவும் நீர்க்க.

எனக்கு இன்னொரு கருத்தும் உண்டு. கொட்டானை முழுவதும் பூசுவது அதற்குச் செய்யும் மரியாதை இல்லை. முடைந்த கைகளின் வேலை தெரிய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் மயில்கழுத்து, மற்றதெல்லாம் ஓலை நிறம் என்று விட்டபோது எங்கள் கொட்டான் முன்பைவிட அழகாக இருந்தது.

எல்லாம் சரியாக வந்தும் அறை கண்ணை உறுத்துகிறது

பூச்சில் பிழை இல்லை, எண்ணிக்கையில் பிழை. பிடித்த நிறம் என்பதால் கை நிற்காது. எங்கள் அறையில் ஒரு கட்டத்தில் பதினேழு பொருள் அதே நிறத்தில் இருந்தன, எதையும் தனியாகப் பார்க்க முடியவில்லை.

எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அறை ஒரு நாள் காலியாக இருக்கட்டும். பிறகு கதவைத் திறந்ததும் கண் முதலில் எங்கே போகிறதோ அங்கே ஒன்றை மட்டும் வையுங்கள். எங்களுக்கு அது டிரங்குப் பெட்டி. அப்புறம் கட்டில் தலைமாட்டில் ஒன்று, ஜன்னலோரம் மூன்று பாட்டில் ஒரே கூட்டமாக. சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும், அதில் உப்புப் பூத்திருந்தால் சட்டத்தின் பின்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்து மாட்டுங்கள். தரையில் பத்தமடைப் பாயின் கோரை நிறம், அலமாரியின் மேல் தட்டில் பூசாத பலா மஞ்சள், சிரட்டையின் உட்புறத்துப் பழுப்பு, இவையெல்லாம் பக்கத்தில் இருந்தால்தான் மயில்கழுத்து எழுந்து நிற்கிறது. மிச்சமான பன்னிரண்டில் ஐந்து பாட்டில்கள் புனலூருக்கு மைனி வீட்டுக்குப் போயின. மூன்று வாரம் கழுவ வேண்டாம் என்று ஒவ்வொன்றின் அடியிலும் சீட்டு எழுதி ஒட்டி அனுப்பினாள் மகள்.